பொதுமக்கள் பகுதியிலிருந்து ஒரு குறுக்கீடு

அண்ணை,

உங்கள் மரண அறிவித்தலை ரோஸ் நிறத் தாளில் அடித்திருந்தார்கள். லண்டனில் பிளேஸ்டோ மரக்கறிக் கடைக் கண்ணாடியில், வாடகைக்கு அறை உண்டு என்ற துண்டுக்கும் வீணை வகுப்பு விளம்பரத்துக்கும் நடுவே ஒட்டியிருந்தது. ஏன் இந்த நிறம் என்று கடைக்காரரைக் கேட்டேன். "வெள்ளைத் தாள் முடிஞ்சு போச்சு அக்கா. கிடந்ததில போட்டோகொப்பி அடிச்சனாங்கள்" என்றார். முருங்கைக்காய் வாங்கப் போனவள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேத்திலை வைக்கிறேன், கொதித்து அடங்கிய பிறகும் தேநீர் போடாமல் ஜன்னலடியில் நிற்கிறேன். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் மகன் கேட்டிருக்கிறார். "அப்பாவோட கவுன்சில் கூட்டங்களில பழகினது நீங்கள்தானே அன்ரி, ரண்டு வசனம் எழுதுங்கோ" என்றார். இரண்டு வசனம் போதாது. எழுதத் தொடங்கி ஐந்து முறை கிழித்துவிட்டேன்.

ரோஸ் தாள் என்றால் எங்கள் நகரக் கவுன்சில் அலுவலகத்தில் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். கவுன்சிலின் வெள்ளைத் தாளை யாரும் படிக்கலாம். ரோஸ் தாளில் இருப்பதை உறுப்பினர்களும் அதிகாரிகளும் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. அதை எடுக்கும் நேரம் வந்தால் பொதுமக்கள் எழுந்து வெளியே போக வேண்டும். எங்கள் கவுன்சிலின் வீடமைப்புக் குழுவைப் பொறுத்தவரை பொதுமக்கள் என்பது பெரும்பாலும் நீங்கள் ஒருவர்தான்.

எண்பதுகளின் நடுவில் அந்தக் குழுவுக்குக் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையில் சேர்ந்தேன். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூட்டம். முதல் நாள் பயத்தில் தலை நிமிரவேயில்லை. கடைசி வரிசையில் பெற்றோல் நிலையச் சீருடைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, மடியில் பிளாஸ்க்கும் கையில் நிகழ்ச்சி நிரலுமாக இருந்த உங்களை நான் கவனித்தது கூட்டம் முடிந்து படியிறங்கும்போதுதான்.

"தங்கச்சி, நீர் யாழ்ப்பாணமோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"எழுதேக்கை கொப்பியை மற்றக் கையாலை மறைக்கிறீர். பக்கத்து வாங்கில இருக்கிறவள் பாத்து எழுதிப் போடுவாள் எண்ட பயம் எங்கட ஆக்களுக்குத்தான்."

நீங்களும் என் தொழில்காரர் என்று அன்றுதான் தெரிந்தது. ஊரில் நகரசபையில் இதே வேலையைப் பதினைந்து வருடம் செய்தவர். இங்கே பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட். கூட்டம் நடக்கும் செவ்வாய்க்கிழமைக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து ஷிப்ட் மாற்றுவீர்கள். எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். வீட்டுச் சுவர் ஈரம் ஊறுகிறது, கவுன்சில் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். கொஞ்சத் தூரம் நடந்த பிறகு உண்மையைச் சொன்னீர்கள். "ஊரில எங்கட சபையைக் கலைச்சுப் போட்டாங்கள். கதிரையில இருந்து வாயாலை சண்டை பிடிக்கிற ஆக்களைக் கண்டு கனகாலம். அதுதான் வாறன்."

வாய்ச் சண்டைக்கு அங்கே குறைவிருக்கவில்லை. கவுன்சில் தன் வீடுகளை அவற்றில் குடியிருந்தவர்களுக்கே விற்றது. விற்ற காசு வங்கியில் கிடந்தது. அதை எடுத்துப் புது வீடு கட்ட அரசாங்கம் விடவில்லை. மிஞ்சிய வீடுகளில் கூரை ஒழுகியது, லிப்ட் வாரக்கணக்கில் நின்றது. வாடகையைக் கூட்டுங்கள் என்று ஒரு பக்கம் கத்தியது, கூட்டினால் சனம் எங்கே போகும் என்று மறுபக்கம் கத்தியது. கடைசியில் அடுத்த கூட்டத்தில் மேலும் ஆராய்வதென்று தீர்மானித்து எல்லோரும் கோட்டை மாட்டுவார்கள். நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவரைப் போல முன்னுக்குச் சாய்ந்து இருந்து எல்லாவற்றையும் கேட்பீர்கள். நான் எழுதிய குறிப்பை நூலகத்தில் படித்துவிட்டு வந்து படிக்கட்டில் வைத்து என்னைக் கிண்டுவீர்கள்.

"'குழு இவ்வறிக்கையைக் கவனத்திற் கொண்டது' எண்டு போட்டிருக்கிறீர். நான் பாத்தளவில ரண்டு பேர் நித்திரை. ஒராள் பல்லுக் குத்திக்கொண்டு இருந்தவர்."

"அதை எப்பிடி அண்ணை எழுதுறது?"

"எழுத ஏலாதுதான். நானும் எழுதினதில்லை."

ரோஸ் தாள் நேரம் வந்தால், பொதுமக்கள் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்தைத் தலைவர் வாசித்து முடிக்கும் முன்பே பிளாஸ்கை மூடிக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். வாசலில் நின்று தலைவரைப் பார்த்து ஒருமுறை தலை சாய்ப்பீர்கள். அந்த மரியாதையை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. கூட்டம் முடியும்வரை கீழே படிக்கட்டில் இருந்து தேநீர் குடிப்பீர்கள். பிறகு பஸ் தரிப்பு வரை சேர்ந்து நடப்போம். உள்ளே என்ன நடந்ததென்று நீங்கள் ஒருபோதும் கேட்டதில்லை. ஒரு தடவை நானே வாய் தவறி ஏதோ சொல்லத் தொடங்க, கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "வேண்டாம் தங்கச்சி. மூடின கதவுக்குள்ள கேட்டது அங்கயே கிடக்கட்டும்."

பிற்பாடு இந்த வசனத்துக்குப் பின்னால்தான் நான் ஒளித்துக்கொண்டேன்.

சில வருடங்கள் கழித்து, உங்கள் குடியிருப்பின் மாடித் தொகுதிகளை அப்படியே வாங்க ஒரு வீட்டுக் கம்பனி முன்வந்தது. கவுன்சிலிடம் திருத்தக் காசில்லை, கம்பனியால் கடன் வாங்க முடியும் என்பது விற்க விரும்பியவர்களின் வாதம். கைமாறினால் வாடகை ஏறும், கேட்க ஆளிருக்காது என்பது மற்றவர்களின் வாதம். குடியிருப்பவர்கள் தபாலில் வாக்களித்து முடிவு செய்ய வேண்டும். அந்த வாக்கெடுப்பின் விதிகள் முதலில் ரோஸ் தாளில்தான் வந்தன. நீங்கள் கீழே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சட்ட அதிகாரி வாசித்தார்: வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பாதவர் விற்பனைக்குச் சம்மதித்தவராகக் கணக்கிடப்படுவார். ஓர் உறுப்பினர் நம்ப முடியாமல் திரும்ப வாசிக்கச் சொன்னார். திரும்ப வாசித்தார். நான் எழுதினேன். அடுத்த வாரம் எங்கள் மேசைகளுக்கு ஒரு கடிதம் வந்தது. வாக்கெடுப்பு முடியும்வரை எந்த ஊழியரும் குடியிருப்பாளர்களோடு அதைப் பற்றிப் பேசக் கூடாது.

ஆனால் அது ரகசியமாகவே இருந்துவிடவில்லை. இதைத்தான் நான் மறைக்காமல் எழுத வேண்டும். வாக்குச்சீட்டோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போன கடிதத்தின் முதல் பக்கத்திலேயே அந்த விதி அச்சாகியிருந்தது. உறையைத் திறந்தவர் யாருக்கும் தெரியும்.

நீங்கள் திறக்கவில்லை. கவுன்சிலின் குப்பைத்தொட்டி அறிவித்தலைக்கூட விடாமல் படிக்கிற நீங்கள் அதை மட்டும் திறக்கவில்லை.

புதன்கிழமை சீட்டு அனுப்பக் கடைசி நாள். அதற்கு முந்திய ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில் எனக்குச் சாப்பாடு. இறால் குழம்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும். நான் அக்கா என்று கூப்பிடும் உங்கள் மனைவி சோறு போட்டபடி தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே காட்டினார். ரப்பர் வளையம் போட்ட உறைக்கட்டு ஒன்று அங்கே இருந்தது.

"இவரின்ர வேலையைப் பாத்தீரோ? எங்கட ஆக்கள் எல்லாரிட்டையும் போய் அந்தக் கவுன்சில் கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்து வைச்சிருக்கிறார். ஒருத்தரும் களவாய் வோட்டுப் போடக் கூடாதாம்."

"பகிஷ்கரிப்பு எண்டால் ஒழுங்காய்ச் செய்யோணும்" என்றீர்கள் நீங்கள். "வேண்டாம் எண்டு வோட்டுப் போட்டாலும் அவங்கட கேள்வியை ஏத்துக்கொண்ட மாதிரி. தொடவே கூடாது. நாங்கள் ஊரில எத்தினை எலெக்சனை இப்பிடி வெறும் பெட்டியாய்த் திருப்பி அனுப்பினனாங்கள். உலகத்துக்கே விளங்கினது." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "சரி, நீர் கவுன்சில் ஆள். உம்மோட இதைக் கதைக்கப்படாது. சாப்பிடும்."

நான் சாப்பிட்டேன் அண்ணை. அந்தக் கட்டுக்கு முன்னால் இருந்து இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். விதியைக்கூட நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. 'ஒரு கடிதத்தைத் திறந்து பாருங்கோ' என்ற ஒற்றை வசனம் போதும். மூன்று நாள் இருந்தது. பின்னேரத்துக்குள் எல்லாக் கதவையும் தட்டியிருப்பீர்கள். என் வேலை வருடா வருடம் நீட்டிக்கப்படும் தற்காலிக வேலை. கொழும்பு லொட்ஜ் ஒன்றில் என் தம்பி என் சம்பளத்தில் இருந்தான். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அன்று பஸ்ஸில் வரும்போது இவற்றையா நினைத்தேன்? மூடின கதவுக்குள் கேட்டது அங்கேயே கிடக்கட்டும் என்று அண்ணையே சொன்னவர்தானே என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு உங்கள் நேர்மையைப் போர்த்திக்கொண்டேன். திங்களும் செவ்வாயும் மேசையில் இருக்க முடியாமல் எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தேன். தொலைபேசி என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

வேண்டாம் என்று போட்டவர்கள் போதவில்லை. உங்கள் உறைக்கட்டில் இருந்த ஒவ்வொன்றும் விற்பனைக்கு ஓம் என்று எண்ணப்பட்டது.

அடுத்த கூட்டத்தில் அதிகாரி முடிவை வாசித்தபோது கடைசி வரிசையில் நீங்கள் எழுந்து நின்றீர்கள். அத்தனை வருடத்தில் முதல் தடவை. உங்கள் சபைக்காலத்து ஆங்கிலத்தில், கனம் தலைவர் அவர்களே என்று தொடங்கிக் கேட்டீர்கள்: "பேசாமல் இருந்தவன் எப்படிச் சம்மதித்தவன் ஆவான்?" பொதுமக்களுக்குப் பேச அனுமதியில்லை, அமருங்கள் என்றார் தலைவர். விதி தெரிந்தவர் நீங்கள், அமர்ந்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் கொப்பியை மற்றக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினேன்.

அச்சான குறிப்பில் இப்படி இருக்கிறது: 'பொதுமக்கள் பகுதியிலிருந்து ஒரு குறுக்கீடு ஏற்பட்டது.' உங்கள் பெயரும் இல்லை, கேள்வியும் இல்லை. வழக்கமான வசனம்தான், நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள். அடுத்த மாதம், போன கூட்டக் குறிப்பு சரிதானா என்று தலைவர் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே சரியென்று கையெழுத்து வைத்தார். உங்கள் கதிரை வெறுமையாக இருந்தது.

கம்பனி புதுக் கூரை போட்டது, லிப்ட்டையும் ஓட வைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வாடகையும் ஏறியது. ஒவ்வொரு வீடாக எங்கள் சனம் கிளம்பியது. கிளம்பிய ஒவ்வொருவரும் உங்களைத் திட்டிவிட்டுத்தான் போனார்கள். கோயிலில் உங்களைக் கண்டு முகம் திருப்பினார்கள். நீங்களும் தாக்குப்பிடிக்க முடியாமல் செவன் கிங்ஸில் மகன் வீட்டு முன்னறைக்குப் போனீர்கள். அங்கே நான் வந்த அன்று, அக்கா தேநீர் போட உள்ளே போன நேரம் பார்த்துக் கேட்டீர்கள்.

"தங்கச்சி, நீர் அண்டைக்குச் சாப்பிட வந்தனீர். பேசாமல் இருந்தால் ஓம் எண்டு எடுப்பாங்கள் எண்டு உமக்கு அப்பவே தெரியுமோ?"

"தெரியாது அண்ணை."

தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தீர்கள். "ஓம். அந்தக் கூட்டத்துக்கு நீர் லீவாய் இருந்திருப்பீர்" என்றீர்கள்.

நான் ஒரு கூட்டத்துக்கும் லீவு போட்டதில்லை. அந்த ரோஸ் தாள் கூட்டம் முடிந்து நீங்களும் நானும் மழையில் ஒரே குடைக்குள் பஸ் தரிப்புக்கு நடந்தோம். அது உங்களுக்கும் மறந்திருக்காது.

போன மாதம் சுடலையில், வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் பக்கத்து ஆளிடம் மெல்லச் சொன்னார்: "நல்ல மனுசன்தான். ஆனா இந்தாள்தான் அண்டைக்கு எங்களைத் திறக்க விடாமல் கெடுத்தது." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை அண்ணை. கையில் பூவை வைத்துக்கொண்டு நின்றேன்.

கூட்டக் குறிப்பு சரியென்று கையெழுத்தானதும், கூட்டத்தில் கையால் எழுதிய கொப்பியை அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்தக் கூட்டத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருடமாகக் கைப்பை மாற மாற அதுவும் கூடவே வருகிறது. அதில் உங்கள் பெயர் முழுதாக இருக்கிறது. கேள்வியும் நீங்கள் கேட்டபடியே இருக்கிறது. கீழே பாதிப் பக்கம் வெறுமை. அதில் நேற்றுப் பின்னேரம் எழுதினேன்: விதி குறிப்பெழுதியவளுக்குத் தெரியும். உறைகளையும் கண்டாள். சொல்லவில்லை.

அந்தப் பக்கத்தையும் இந்த மடலையும் மலரில் போடக் கொடுக்கிறேன். முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிற எல்லோர் கையிலும் ஒவ்வொன்று போகும். அந்தத் தொகுதியில் இருந்தவர்கள் இப்போது எங்கெங்கோ இருந்தாலும் வருவார்கள், மலரை வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்துப் படிப்பார்கள். வாசித்த பிறகு உங்கள் மகன் என்னோடு பேசுவாரோ தெரியாது. அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியாது. வெள்ளைத் தாளில் அடிக்கும்படி மட்டும் கேட்டிருக்கிறேன்.