நீங்கள் ஓடவில்லை, நின்றீர்கள்

அக்கா,

கடையின் பின்னறையில் மாட்டியிருந்த உங்கள் சைக்கிள் பையை இன்று காலைதான் திறந்தேன். உள்ளே பாட்டில். மூடியைத் திருகியதும், உப்புப் போட்ட மோர் மாதக்கணக்கில் கிடந்து அழுகிய நாற்றம் முகத்தில் அறைந்தது. குமட்டிக்கொண்டு வந்தது. ஆனால் முந்தாநாள் போனில் அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது இதைவிட அதிகமாகக் குமட்டியது.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் முடிக்கவேண்டிய அந்தக் கடலோரப் போட்டிக்கு எப்படியெல்லாம் தயாரானோம்! நீங்கள் வங்கியில், நான் அல்லிநகரத்து இரும்புக்கடையில். விடுமுறை நாட்களில் மயிலாடும்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நீந்துவோம். லோயர் கேம்ப் வரை மிதிப்போம். ஓட்டத்தை மட்டும் உச்சி வெயிலில் வைத்தீர்கள்.

"விடியக்காலைல ஓடலாமேக்கா."

"அங்கன வெயிலும் புழுக்கமும் நமக்காக ஒதுங்கி நிக்குமா செல்வி? இங்கனயே கொஞ்சங் கொஞ்சமா உடம்பப் பழக்கிக்கிருவோம்."

மழைக்கு மறுநாள் கம்பம் சாலையில் வயல்கள் ஆவி விடும். சட்டையைப் பிழிந்தால் வேர்வை ஒழுகும். தொடை உரசிப் புண்ணாகும். அந்தக் கோலத்திலேயே கடைக்கு வந்து, உடம்பிலிருந்து எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பார்க்க ஆணி நிறுக்கும் தராசில் ஏறி நிற்பீர்கள். என் கொழுந்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆணியெல்லாம் துருப்பிடிச்சுரும்" என்பார். நீங்கள் சிரித்தபடி மோரைக் குடிப்பீர்கள்.

போட்டியன்று, ஓட்டத்தின் பாதியிலேயே வழியில் வைத்திருந்த தண்ணீர் தீர்ந்துவிட்டது. காலிக் கேன்கள் உருண்டு கிடந்தன. ஒலிபெருக்கியில் ஒருவர் மட்டும் "மனசு வச்சா முடியும்!" என்று கத்திக்கொண்டேயிருந்தார். நமக்கு முன்னால் ஓடியவர் குடித்தவரைப் போலத் தள்ளாடிச் சரிந்தார். நீங்கள் அவர் கழுத்தைத் தொட்டீர்கள்.

"உடம்பு கொதிக்குது, பேச்சு கொழறுது. நெழலுக்கு இழு!"

இழுத்தோம். நம்மிடம் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் அவர் மேல் ஊற்றினோம். நான் தொப்பியால் விசிற, நீங்கள் மண்டியிட்டபடியே கையைத் தூக்கித் தூக்கி உதவிக்குக் கூப்பிட்டீர்கள். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றியபோது நமக்கான நேரம் முடிந்துபோயிருந்தது. அவர் பிழைத்துக்கொண்டார், பிறகு நம் எண்ணைத் தேடிப்பிடித்து நன்றியும் சொன்னார். திரும்பும் பஸ்ஸில், "மெடல் போச்சேக்கா" என்றேன். "போகுது கழுத" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனீர்கள்.

அதன் பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. துக்கத்துக்கு வந்த உங்கள் சொந்தக்காரர்கள், "பொம்பளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்? அதான் போய்ச் சேந்துட்டா" என்று காபியை உறிஞ்சிக்கொண்டே பேசினார்கள்.

இப்போது போட்டி நடத்தியவர்கள். அடுத்த போட்டிக்கான விளம்பரத்தில், அன்று வழியில் எடுத்த உங்கள் படம். கீழே கிடந்தவரை வெட்டியெறிந்துவிட்டார்கள். உதவிக்குத் தூக்கிய கை, ஜெயித்துத் தூக்கிய கையாகிவிட்டது. அடியில், 'கடைசி மூச்சுவரை ஓடியவர்' என்று ஒரு வரி.

போன் போட்டேன். "அவுக ஓடலைங்க, நின்னாக. நீங்க தண்ணி வைக்காததுனாலதான் நிக்க வேண்டியதாப் போச்சு."

"நெகட்டிவா பாக்காதீங்க மேடம். நாலு பேருக்கு இன்ஸ்பிரேஷன். வேணும்னா உங்களுக்கு இந்தத் தடவை என்ட்ரி ஃப்ரீயாவே தர்றோம்."

போனை வைத்துவிட்டு வாயைக் கொப்பளித்தேன். பிறகு, நாம் நிழலுக்கு இழுத்த அந்த மனிதருக்கு விளம்பரத்தை அனுப்பினேன். அவர் அதன் கீழேயே எல்லோரும் பார்க்க எழுதினார்: 'நீங்கள் வெட்டியெடுத்த ஆள் நான்தான்.' மாலைக்குள் படம் காணாமல் போனது. மன்னிப்பென்று ஒரு வார்த்தை இல்லை. த்தூ.

இன்று மதியம் தனியாக ஓடினேன். கொளுத்தும் வெயிலில் திடீரென்று கைமயிர் சிலிர்த்தது, தலை கிறுகிறுத்தது. உடனே புளியமரத்தடியில் உட்கார்ந்து தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். மொபெட்டில் போன ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"என்னாத்தா, ஏலலையா?"

"ஏலும்ணே. இன்னைக்குப் போதும்னு நின்னுட்டேன்."

கொஞ்சங்கூட வெட்கமாக இல்லை, அக்கா.

செல்வி