ஆன்ட்டி ஜெயித்த பிறகு

2024 ஜனவரி 17, புதன்

லக்ஷிகா இன்று பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள். அவள் வகுப்பில் காது குத்தாத பெண்பிள்ளை இவள் ஒருத்திதானாம். "நீ ஆம்பளப் புள்ளயா?" என்று பக்கத்தில் இருக்கிறவள் கேட்டிருக்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா?

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் கட்டாரிலிருந்து வரட்டும் என்று முதலில் தள்ளிப்போட்டேன். வந்தான். வந்த சூட்டோடு சண்டையும் வந்துவிட்டது. என் கூடப் பிறந்த தம்பி நிதுஷன், இதே எல்கடுவத் தேயிலைத் தோட்டத்தில், கீழ் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறான். இருந்து என்ன?

"எங்க அக்கா மகன் மடியில வச்சுக் குத்திருவோமே" என்றார் என் வீட்டுக்காரர். நான் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே போய்விட்டார்.

2024 ஜனவரி 20, சனி

சனிக்கிழமை வந்தால் இவருக்குக் கையை எங்கே வைப்பது, காலை எங்கே வைப்பது என்று தெரிவதில்லை. நன்றாக இருந்த கோழிக்கூட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். கோழிகள் அவரைப் பார்த்தபடி நின்றன. நானும்தான்.

முன்பெல்லாம் சனிக்கிழமை என்றால் ரேஸ். தொழிற்சாலை ஸ்டோரில் கிளார்க் வேலை, இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும். அதனால் லயத்தில் குதிரை விளையாடுகிற எல்லோருக்கும் இவர்தான் பண்டிதர். இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு எல்கடுவயில் உட்கார்ந்து ஜாதகம் பார்ப்பார். எது ஈரத் தரையில் ஓடும், எது மேட்டில் மூச்சு வாங்கும் என்று ரேஸ் பேப்பரைப் பார்த்துச் சொல்லுவார். மாத்தளை டவுனில் பந்தயம் கட்டுகிற புக்கிக்கடையில் டீக் காசை வைத்து விளையாடுவார். அதோடு சரி.

போன மே மாதம் ஒரு குதிரை. பெயர் குவயட் ஆன்ட்டி. "இது மட்டும் தப்பாது" என்று நிதுஷனிடம் சொல்லிவிட்டார். அவன் வீட்டுக்குச் சுவர் எழுப்பி முடித்து, கூரைக்கான காசைக் கையில் வைத்திருந்தான். முழுவதையும் கொண்டுபோய் ஆன்ட்டி மேல் வைத்தான். இவர் வைக்கச் சொல்லவில்லை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. கடைசிவரை முன்னால் வந்த ஆன்ட்டியை, கேப்டன் ப்ராம்பல் என்ற ஒரு குதிரை கழுத்து நீளத்தில் முந்திவிட்டது. "அது ஓடுன ஓட்டம் குதிரை ஓட்டமே இல்ல" என்று இவர் அன்று முழுக்கப் புலம்பினார். தோற்றவர் பேச்சு என்று நான் காதில் வாங்கவில்லை.

அடுத்த நாள் கடை வாசலில் எல்லோர் முன்னாலும் நிதுஷன் சொன்னான்: "என் வீட்டத் தின்னுட்டியே மச்சான்." அதற்குப் பிறகு எங்கள் வாசலை அவன் மிதிக்கவில்லை. இவரும் அன்றோடு ரேஸை விட்டார். கூரையில்லாத சுவர்களுக்குள் புல் முளைத்துக் கிடக்கிறது. தம்பியும் அவன் மனைவி தர்ஷிகாவும் பிள்ளையும் அவள் அம்மாவின் ஒற்றை அறை லயக் காம்பராவில் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

2024 பெப்ரவரி 24, சனி

மாத்தளையில் தேர். கூட்டத்தில் நிதுஷனைக் கண்டோம், மகனைத் தோளில் வைத்திருந்தான். லக்ஷிகா "மாமா" என்று கத்தினாள். திரும்பிச் சிரித்தான். பிறகு இவரைப் பார்த்தான், கூட்டத்துக்குள் போய்விட்டான்.

இவர் திருநீறு வாங்கக்கூட வரவில்லை, வெளியில் செருப்புக்குக் காவல் நின்றார். அம்மனிடம் ஒன்றுதான் கேட்டேன். இந்த இரண்டு பேரும் பேசிக்கொள்ள வேண்டும். வேறு எதுவும் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

2024 மார்ச் 5, செவ்வாய்

பிள்ளைக்காம்பராவில் நான் பார்த்துக்கொள்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திரிபோஷா சத்துமாவு எடுக்க டவுனுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது பஸ்லியின் த்ரீவீல். அவனும் புக்கிக்கடை ஆள்தான்.

"சர்மிளா டீச்சர், விஷயம் தெரியுமா? அந்தக் கேப்டனுக்கு மருந்து குடுத்து ஓட விட்டிருக்காங்க. ரத்தம் எடுத்துப் பாத்து, விசாரிச்சு, இப்பத்தான் முடிவு சொல்லியிருக்காங்க. முதலாமிடத்தப் பறிச்சாச்சு. உங்க வீட்டுக்காரரு லிங்கம் அண்ணன் சொன்ன ஆன்ட்டிதான் இப்ப வின்னர்." போனை எடுத்துக் காட்டினான்.

"அப்ப அந்தக் காசு?"

சிரித்தான். "காசு எங்க டீச்சர். அங்க கோப்பைய மாத்திக் குடுப்பாங்க. நம்மளுக்கு அன்னைக்கு என்ன ரிசல்ட்டோ அதுதான். கேப்டனுக்கு வச்சவன் திருப்பிக் குடுக்கவும் மாட்டான், ஆன்ட்டிக்கு வச்சவனுக்கு வரவும் வராது."

குதிரையின் சொந்தக்காரருக்கு நியாயம் கிடைத்துவிட்டது. இங்கே கூரையில்லாமல் நிற்கிற வீட்டுக்கு யார் நியாயம் சொல்வது? மருந்து கொடுத்த பாவிக்கு எல்கடுவ என்று ஒரு ஊர் இருப்பதாவது தெரியுமா?

ஆனாலும் மலை ஏறுகிற வழியெல்லாம் எனக்குள் ஒரு சந்தோஷம். இவர் மேல் பிழை இல்லை. பிழை இல்லையென்றால் சண்டை எதற்கு? செய்தியை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

2024 மார்ச் 6, புதன்

இவரிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "திருப்பிச் சொல்லு" என்றார். திருப்பிச் சொன்னேன். எழுந்துபோய்ப் பீலித் தண்ணீரில் நெடுநேரம் முகம் கழுவினார்.

பத்து மாதமாக யார் முகத்திலும் விழிக்காமல் குறுக்குப் பாதையால் வேலைக்குப் போன மனிதர், இன்று லயத்து வழியாகவே நடந்து போனார்.

2024 மார்ச் 10, ஞாயிறு

எனக்குக் கையும் சும்மா இருக்காது, வாயும் சும்மா இருக்காது. நானே கீழ் லயத்துக்குப் போனேன்.

நிதுஷன் வாசலில் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துச் சுவரில் புதுக் கூரைத் தகடுகள் சாய்ந்து நின்றன. மரக்கறி லொறிக்கு மூட்டை ஏற்றிக் கிடைக்கிற காசில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறானாம். மழைக்கு முன் கூரை போட்டுவிடுவார்கள் போலிருந்தது.

சொன்னேன். நம்பவில்லை. போனைக் காட்டினேன். வாசித்தான், பிள்ளையை இறக்கிவிட்டு இன்னொரு முறை வாசித்தான்.

"அப்ப நாம தோக்கல."

"தோக்கலடா. அதத்தான் சொல்றேன். மச்சான் மேல தப்பில்ல."

"தோக்கலக்கா. நம்மகிட்ட இருந்து பறிச்சிருக்காங்க." அவன் கண் கலங்கியது. எனக்கும்தான். நான் கேட்பதற்கு முன்பே காது குத்துக்கு வருகிறேன் என்றான்.

தர்ஷிகா படிவரைக்கும் வந்தாள். மகிழ்ச்சியாக இருப்பாள் என்று பார்த்தால் முகம் வெளிறிக் கிடந்தது.

"இத ஏன் அண்ணி வந்து சொன்னீங்க?"

"ஏன், ரெண்டு பேரும் பேசிக்கிறது உனக்குப் புடிக்கலயா?"

"தன் புத்தி தோத்துப் போச்சுன்னு நெனச்சுத்தான் அண்ணன் ரேஸ விட்டாரு அண்ணி."

என்ன பேச்சு இது? நல்லது செய்யப் போனால் இப்படித்தான். வரும் வழியெல்லாம் அவள்மேல் கோபம் கோபமாக வந்தது.

2024 ஏப்ரல் 19, வெள்ளி

காது குத்தியாகிவிட்டது. மாமன் மடியில் உட்கார்ந்து அவன் கையைக் கடித்து வைத்தாள் லக்ஷிகா. கடித்த இடத்தை எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டான். தோடு அவன் வாங்கியது, பூ வைத்த தோடு. பந்தியில் இவர் இலையில் அவனே கறி அள்ளி வைத்தான். "போதும் மச்சான், போதும்" என்று இவர் சொல்ல, அவன் இன்னும் வைக்க — குசினிக்குள் போய் அழுதேன்.

தர்ஷிகா பாத்திரம் கழுவ மட்டும் வந்தவள் மாதிரி இருந்தாள்.

2024 ஏப்ரல் 27, சனி

நிதுஷன் வந்திருந்தான். எரித்துவிட்டேன் என்று இவர் சொன்ன பழைய ரேஸ் பேப்பர்களெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் இருந்திருக்கின்றன. இரண்டு பேரும் பரப்பி வைத்துக்கொண்டார்கள்.

"இது தோத்தது ஒரு மூக்கு நீளத்துல. இதுலயும் மருந்து குடுத்திருப்பாங்க."

"குடுக்காம இப்படி ஓடுமா மச்சான்?"

மேல் லயத்தில் இரண்டு பேர் சத்தம் கேட்டு வந்து உட்கார்ந்தார்கள். இவர்களுடைய கணக்கில் தோற்றதெல்லாம் மருந்தால், ஜெயித்ததெல்லாம் மூளையால். பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சிரித்தேன். இத்தனை நாளைக்குப் பிறகு வீட்டில் ஆள் சத்தம் கேட்கிறது. கேட்கட்டுமே.

2024 மே 18, சனி

இருவரும் டவுனுக்குப் போனார்கள். "பாக்க மட்டும்தான்" என்றார். "இப்ப எல்லாத்தையும் சோதிக்கிறாங்க. இனி ஏமாத்த முடியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களோ என்று பயம்.

2024 ஜூன் 9, ஞாயிறு

நேற்று ஜெயித்தார்களாம். ஆட்டிறைச்சி வாங்கி வந்தார்கள், லக்ஷிகாவுக்கு ஐஸ்கிறீம். எனக்கு ஒரு சேலை. நான் சமைத்தேன், நானும் சாப்பிட்டேன்.

2024 ஜூலை 15, திங்கள்

நிதுஷன் போடாமலே வைத்திருந்த கூரைத் தகடுகளை விற்றுவிட்டான். வெள்ளிக்கிழமை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். சனிக்கிழமை அந்தக் காசும் போய்விட்டது. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. பிள்ளையைக் கொண்டுவந்து விட்ட, கொழுந்து பறிக்கிற ஒருத்தி, எனக்குத் தெரியும் என்று நினைத்து அனுதாபம் சொன்னாள். அவளிடமே, ஆமாம், என்ன செய்வது என்று சமாளித்தேன்.

2024 ஜூலை 16, செவ்வாய்

இன்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். இவர் சத்தமே போடவில்லை. "நான் வைக்கச் சொல்லல சர்மி. பாத்துத்தான் சொன்னேன்."

"இந்தத் தடவ எந்தக் குதிரைக்கு மருந்து குடுத்தாங்க? அதையும் சொல்லுங்களேன்."

"அது இப்பத் தெரியாது. பத்து மாசம் ஆகும். ஆனா தெரிய வரும்."

கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். கேலியில்லை, நம்பித்தான் சொல்கிறார். முன்ன தோத்தா தோத்ததுதான். ரெண்டு நாள் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வேலையப் பாப்பாங்க. இப்ப எதுவுமே தோக்குறதில்ல. எல்லாமே இன்னும் தீர்ப்பு வராத ரேஸ். நாந்தானே போன எடுத்துட்டு ஓடுனேன். தர்ஷிகா அன்னைக்கே படியில நின்னு சொல்லுச்சே — எனக்குக் காது எங்க போச்சு?

2024 ஜூலை 20, சனி

போனார்கள். கதவுக்குக் குறுக்கே நின்று பார்த்தேன். "தள்ளுக்கா" என்று என் தோளைப் பிடித்து, மெதுவாகத்தான், ஒதுக்கிவிட்டுப் போனான்.

2024 செப்டெம்பர் 3, செவ்வாய்

பிள்ளைக்காம்பராவில் எல்லாப் பிள்ளைகளும் தூங்கிய பிறகு தர்ஷிகா வந்தாள். மாதக்கணக்கில் என்னோடு பேசாதவள். குவைத்துக்குப் போகிறாளாம், வீட்டு வேலைக்கு. எழுத்து வேலையெல்லாம் முடிந்துவிட்டது.

"அம்மா விடியவே கொழுந்துக்கு மலைக்குப் போயிடுவாங்க. பகல்ல எப்படியும் இவன் உங்ககிட்டத்தான் இருக்கான். ராத்திரியும் இருக்கட்டும் அண்ணி."

"நிதுஷன் என்ன சொல்றான்?"

"அவரு சொல்றதுக்கு என்ன இருக்கு?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "கோவத்துல கேக்கல அண்ணி" என்றாள். "உங்களுக்குப் புள்ள பாக்கத் தெரியும்." மகன் பாயில் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியைத் தொடப் போனவள், விழித்துவிடுவான் என்று கையை எடுத்துக்கொண்டாள்.

2024 ஒக்டோபர் 11, வெள்ளி

தர்ஷிகா போய்விட்டாள். பையன் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறான்.

2024 ஒக்டோபர் 29, செவ்வாய்

இப்போது ஓடுவதில்லை.

2024 நவம்பர் 23, சனி

காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனார்கள். நிதுஷன் இப்போது இங்கேதான் சாப்பிடுகிறான். இவருக்குச் சட்டை மடித்து வைக்கும்போது அவனுக்கும் மடித்து வைக்கிறேன். ஒருவர் தட்டில் இன்னொருவர் கறி வைக்கிறார்கள், ஒரே பேப்பரை இரண்டு பக்கமும் பிடித்து வாசிக்கிறார்கள். ஒரு நாள்கூடச் சண்டை இல்லை. அம்மன் நான் கேட்டதைத் தந்துவிட்டாள்.

பின்னேரம் தர்ஷிகா வீடியோ கோல் எடுத்தாள். அந்த வீட்டில் ஆட்கள் வெளியே போயிருந்தார்களாம், அவசரமாகப் பேசினாள். மெலிந்துவிட்டாள். அனுப்பிய காசு வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். அதை நிதுஷன் கையில் கொடுக்கவில்லை, என்னிடம்தான் இருக்கிறது என்றும் சொன்னேன். "அவரு எங்க?" என்று கேட்டாள். மச்சானோடு டவுனுக்கு என்றேன்.

பையன் என் மடியில் இருந்தான். போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"என் தங்கம். அம்மாவப் பாருப்பா. அம்மாவுக்கு ஒரு முத்தம் குடு."

அவன் கொஞ்ச நேரம் போனையே பார்த்தான். பிறகு திரும்பி, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என் கன்னத்தில் முத்தம் கொடுத்தான்.

நான் போனைத் திருப்பியிருக்க வேண்டும். கை வரவில்லை. தர்ஷிகா பார்த்துக்கொண்டேயிருந்தாள். பிறகு, "சிக்னல் சரியில்ல அண்ணி, அப்புறம் எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.