இருபத்தைந்து நாள் கோடு

மத்சுமோதோ,
நவம்பர் 18

அன்புள்ள நொரிஹிகோ அவர்களுக்கு,

இங்கே மலைகளில் பனி விழத் தொடங்கிவிட்டது. ககோஷிமாவில் இன்னும் வெறும் சட்டையோடு நடமாடலாம் என்றீர்கள். இருந்தாலும் இந்தப் பெட்டியில் கம்பளி உள்சட்டை இரண்டு வைத்திருக்கிறேன். கூடவே ஆப்பிள். அடிபட்டதை முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

தொலைபேசியில் சொல்ல வாய் வராத ஒன்றை எழுதுகிறேன்.

நீங்கள் மாற்றலாகிப் போனபின் எதிர்வீட்டு தொகியே அக்காவிடம் டாலர் வாங்கி விற்கக் கற்றுக்கொண்டேன். உங்களுக்குத் தெரியும், சிரித்தீர்கள். கடைசி இருபத்தைந்து நாள் விலையின் சராசரியைத் தினமும் புதிதாகக் கணக்கிட்டால் திரையில் ஒரு கோடு ஓடும். ஐந்து நாள் சராசரிக்கு இன்னொரு கோடு. ஐந்து நாள் கோடு மற்றதை வெட்டி மேலே போனால் வாங்கலாம். கீழே வெட்டினால் விற்றுவிட்டு வெளியேற வேண்டும். கோடு எப்போதும் தாமதமாகத்தான் சொல்லும், அதற்குள் கொஞ்சம் பணம் போயிருக்கும், போகட்டும் என்பார் அக்கா.

ஜூலையில், முன்பணம் மட்டும் கட்டி அதைப்போலப் பல மடங்குக்கு டாலர் வாங்கினேன். ஏறிக்கொண்டே போனது. எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். "என்ன மிசுசு, புருஷன் போட்டோவக்கூட நீ இப்படிப் பாத்ததில்லையே" என்று அக்கா கிண்டல் செய்வார்.

செப்டம்பர் கடைசியில் கோடு கீழே வெட்டியது. அக்கா அன்றே விற்றுவிட்டு, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். "வித்துடு. கோடு சொன்னப்புறம் அதுகிட்ட நியாயம் பேசக் கூடாது" என்றார். சரி என்றேன். விற்கவில்லை.

பேராசை என்று நினைக்காதீர்கள். விற்றுவிட்டால் மறுநாள் காலையில் எழுந்து பார்க்க இந்த வீட்டில் ஒன்றும் இருக்காது என்று தோன்றியது. அவ்வளவுதான். ஒவ்வொரு நாளும் இறங்கியிருந்தது. ஆனாலும் எனக்காக ஏதோ ஒன்று காத்திருந்தது.

போன செவ்வாய்க்கிழமை, நஷ்டத்துக்குக் கட்டியிருந்த முன்பணம் போதாமல், என்னைக் கேட்காமலே நிறுவனம் எல்லாவற்றையும் விற்றுவிட்டது. போனது எட்டு லட்சம் யென். உங்கள் கோடைக்கால போனஸ் முழுவதும். அன்று மாலை மீன்கடையில் "எத்தனை துண்டும்மா?" என்று கேட்டபோது எனக்குக் குரலே எழும்பவில்லை. காலையிலிருந்து ஒரு சொல்கூடப் பேசவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. விரலைக் காட்டினேன். ஒன்று.

நேற்று நீங்கள் பேசும்போது வேறென்ன விசேஷம் என்றீர்கள், ஒன்றுமில்லை என்றேன். புத்தாண்டுக்கும் வரவில்லை, விமானச் செலவு மிச்சம் என்றீர்கள். ஆகஸ்டிலும் அதையே சொன்னீர்கள்.

தொகியே அக்கா மீது கோபப்படாதீர்கள். அவர் சரியாகத்தான் சொன்னார். என்னைத் திட்ட உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் தொலைபேசியில் வேண்டாம். நேரில் வந்து, எதிரே உட்கார்ந்து, இரண்டு நாள் வேண்டுமானாலும் திட்டுங்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
மிசுசு