யானையைக் காக்கவைத்தவள்

லோயிஸ்,

அம்மாவின் கல்லறையைச் சுற்றிப் புல் வெட்டப் போகிறேன். கல்லில் எழுத்து வெட்டுகிற இசக்கிமுத்து பத்து மணிக்கு வீட்டுக்கு வருவார். டீ போட்டுக் கொடு. ரசம் அடுப்படியில் மூடியிருக்கிறது.

நேற்று நீ சொன்னபடியே, தபித்தாள் என்ற பெயருக்குக் கீழே 'அன்பு மனைவி, தாய், பாட்டி' என்று வெட்டட்டும். ஆனால் அதெல்லாம் ஆவதற்கு முன்பும் அவள் ஒருத்தி இருந்தாள். நேற்றைய சண்டையில் அதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இன்று விடியற்காலை, பாதித் தூக்கத்தில் அவள் குரல் கேட்டது. நாங்கள் சிலோனிலிருந்து சேரம்பாடி தேயிலைத் தோட்டத்துக்கு வந்த முதல் வருஷம் அது. எங்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவளுக்குப் பின்னால், பனிமூட்டத்தில் கறுப்பாக ஏதோ வந்து நின்றது. மேஸ்திரி என்று நினைத்து, திரும்பாமலே சொன்னாள்: "கொஞ்சம் பொறுங்க ஐயா, இந்தச் செடி நெரைய முடிச்சிட்டு வாறேன்."

யானை பொறுத்தது. காதை மெல்ல ஆட்டிக்கொண்டு நின்றது. பிறகு பனிக்குள்ளேயே போய்விட்டது. பக்கத்து வரிசையில் நின்ற நான் கத்தவும் இல்லை, ஓடவும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'யானையைக் காக்கவைத்தவள்' என்று ஒரு வரி சேர்க்கலாமா? நீ வேண்டாம் என்றால் வேண்டாம்.

அப்பா

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

"உனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்" என்று நேற்று நான் கேட்டது தப்பு. கடைசி மூன்று மாதமும் அவளைக் குளிப்பாட்டியது நீ. அப்போது உன்னிடம் என்னவெல்லாம் பேசினாள் என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. சாயங்காலம் சொல்லும்மா.