உள்ளே என்ன இருக்கு?

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. வலியும் அவளைப் போலத்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? உன் அறை ஜன்னலைச் சரிசெய்து கொடுத்தார்களா, இல்லை இன்னும் அட்டையைச் செருகி வைத்துத்தான் தூங்குகிறாயா? எழுது.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ பேசி முடித்துவிட்டாய். நான் ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டாய். கடிதத்தை யாரும் நடுவில் வைத்துவிட முடியாது என்றுதான் பேனாவை எடுத்தேன். முழுசாகப் படி. கோபம் வந்தாலும் படி. எனக்கும் கோபம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த வீடியோ. அதில் இருப்பதெல்லாம் உண்மை. கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றிருந்தது. என்ஜினை அணைத்திருந்தேன். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தான். நான் ஸ்டியரிங் மேல் புத்தகத்தை விரித்து வைத்துப் படித்தேன். ரோஸ் நிற அட்டை, அதில் சைக்கிளோடு ஒரு பெண், தலைக்கு மேல் நட்சத்திரங்கள். அழுதேன். யூனிஃபார்ம் கையால் மூக்கைத் துடைத்தேன். எவனோ ஒரு புண்ணியவான் ஜன்னல் வழியாக அதைப் படம் பிடித்து, டிரைவர் அண்ணனுக்குக் காதல் தோல்வி என்று எழுதி ஊரெல்லாம் அனுப்பிவிட்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. இப்போதெல்லாம் ஊர் கையையும் மூட முடிவதில்லை.

மறுநாள் டெப்போவில் நுழைந்ததுமே நாலு பேர் "பதினாறு வந்தாச்சு" என்றார்கள். என் வண்டி ஓடும் தடம் பதினாறு. நான் அப்பாவி மாதிரி, "இன்னும் வண்டியையே எடுக்கலையே, அதுக்குள்ள எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டேன். டெப்போ குலுங்கச் சிரித்தார்கள். அப்புறம்தான் புரிந்தது, பதினாறு என்பது நான்தான், அது என் வயது என்று. ஏழு கழுதை வயசான ஆளுக்கு இப்படி ஒரு பட்டம். அன்றிலிருந்து என் பெயரை யாரும் சொல்வதில்லை.

சிரிப்போடு போயிருந்தால் எனக்கென்ன. மேனேஜர் கூப்பிட்டார். அழுகிற டிரைவர் ஓட்டுகிற வண்டியில் ஏறப் பயணிகளுக்குப் பயமாக இருக்கிறதாம். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதினேன்: "புத்தகம் படித்தேன். அழுதேன். வண்டி நின்றிருந்தது." அவர் தாளைத் திருப்பி, பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அவரே ஒரு தாள் கொடுத்தார். பணி நேரத்தில் இதுபோன்ற புத்தகங்களைக் கொண்டுவர மாட்டேன் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஸ்டியரிங், போடாவிட்டால் தொலைந்த பொருள் அறை.

அந்த 'இதுபோன்ற' என்ற வார்த்தைதான் எனக்குத் தொண்டையில் சிக்கியது. செய்தித்தாள் கொண்டுவரலாம். போனில் கண்டதையும் பார்க்கலாம். வாயைத் திறந்து வைத்துத் தூங்கலாம். பதினாறு வயதுப் பெண்ணின் கதையை மட்டும் படிக்கக் கூடாது. அதை அடித்துவிட்டு 'எந்தப் புத்தகமும்' என்று எழுதுங்கள், இப்போதே போடுகிறேன் என்றேன். மேனேஜர் மேஜையில் ராசிபலன் பக்கம் விரித்தபடி ஒரு வாரப் பத்திரிகை கிடந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சாவியை எடுத்து நீட்டினார். அப்படித்தான் நான் தொலைந்த பொருள் அறைக்கு வந்தேன்.

இப்போது உன் யோசனைக்கு வருகிறேன். "என் பொண்ணோட புத்தகம், சும்மா புரட்டினேன், அவ ஞாபகம் வந்து கண் கலங்கிடுச்சுன்னு சொல்லிடுங்கப்பா, எல்லாரும் உருகிடுவாங்க" என்றாய். நல்ல யோசனைதான். ஊர் உருகும். அப்பா மகள் பாசம் என்று இன்னொரு வீடியோ போடுவார்கள். கையெழுத்துப் போட்டு அந்தப் புத்தகத்தை ஒதுக்கிவிடு என்று மேனேஜர் சொன்னதும் இதேதான், வார்த்தைதான் வேறு. உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில்: முடியாது. நான் படித்தேன், நான் அழுதேன். நடுவில் நீ எதற்கு?

இன்னொன்றும் சொன்னாய். உன் ஆபீசிலும் அந்த வீடியோ சுற்றியது, எல்லோரும் சிரித்தார்கள், "அது யாருன்னு நான் சொல்லலப்பா" என்றாய். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னாய் என்று தெரியும். சரிம்மா என்றேன். அதன் பிறகுதான் உனக்கு வேலை இருந்தது.

அது போகட்டும். இந்த அறையைப் பற்றிச் சொல்கிறேன். கூரை வரைக்கும் இரும்பு அலமாரி. குடைகள், டிபன் பாக்ஸ்கள், ஒற்றைச் செருப்புகள், ஒரு பல் செட்டு. ஒரு ஊன்றுகோல்கூட இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஆள் எப்படி இறங்கி நடந்து போனார் என்று நானும் தினம் யோசிக்கிறேன். இங்கே ஒரே சட்டம். எந்தப் பையை யார் கேட்டு வந்தாலும், உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் பை அவர்களுடையது. பணக்காரர், ஏழை என்ற பேச்சே கிடையாது.

கடைசி அலமாரியில் புத்தகங்கள். போய்ப் பார்த்தால், பாப்பா, பாதிக்கு மேல் 'இதுபோன்ற' புத்தகங்கள்! அட்டையில் நிலா, வாள், பறக்கும் குதிரை, கை கோத்த பையனும் பெண்ணும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விட்டுப் போனது என்று நினைத்தேன். படித்த பக்கத்தின் அடையாளத்துக்கு உள்ளே வைத்திருப்பதைப் பார்த்தபோது சந்தேகம் வந்தது. ஒன்றில் சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டு. ஒன்றில் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி. ஒன்றில் முடிச்சாயம் வாங்கிய ரசீது. எந்தப் பிள்ளை முடிக்குச் சாயம் பூசுகிறது?

கேட்டு வருகிறவர்களும் வயசானவர்களே. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. என் பொண்ணோடது. என் பையனோடது. என் தங்கச்சி மகளோடது. பையனுக்குப் பரீட்சை என்கிறார்கள், அதனால் தாங்கள் வந்தோம் என்கிறார்கள். நான் சட்டப்படி கேட்கிறேன்: உள்ளே என்ன இருக்கு? அவ்வளவுதான், மாட்டிக்கொள்கிறார்கள்.

போன வாரம் ஒரு போலீஸ்காரர் வந்தார். வாசலை அடைக்கிற உடம்பு, முறுக்கிய மீசை. பையனோட புத்தகம் என்று விறைப்பாகச் சொன்னார். உள்ளே என்ன இருக்கு என்றேன். "கதை" என்றார். என்ன கதை என்றேன். சூரியன் வராத ஒரு ஊராம். இரண்டு பையன்கள், ஒற்றைக் கண் நாய். நின்றுகொண்டு ஆரம்பித்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றினார். நாய் ஆற்றைத் தாண்டாமல் இந்தக் கரையிலேயே நிற்கும் இடம் வந்தபோது குரல் போய்விட்டது. நான் தண்ணீர் கொடுத்தேன். "அடுத்த பாகம் வந்துடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார். வந்துவிட்டது, பையனிடம் சொல்லுங்கள் என்றேன். சொல்றேன் என்று வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலீங்க" என்றார்.

சிரிக்காதே. சரி, சிரி. ஆனால் யோசித்துப் பார். திருடனுக்குப் பயப்படாத ஆள் ஒரு புத்தக அட்டைக்குப் பயந்து, இல்லாத பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறார். எதற்கு இந்தப் பயம்? யார் குடியைக் கெடுத்தோம்?

உன் சித்தப்பா ஒரு ஆராய்ச்சி செய்திருக்கிறார். சின்ன வயசில் எனக்கு எதுவோ கிடைக்காமல் போய்விட்டதாம், அதைத்தான் இப்போது தேடுகிறேனாம். எனக்கு என் பதினாறு வயது நன்றாகவே இருந்தது. பரு இருந்தது, அதைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீயும் உன்னை நினைத்துத்தான் படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. முதல் புத்தகம், அந்த ரோஸ் அட்டை, உன் அலமாரியில் எடுத்தது, அது நிஜம். மற்றதெல்லாம் என் காசு. நன்றாக இருக்கிறது, படிக்கிறேன். டீ நன்றாக இருந்தால் இன்னொரு டீ குடிப்பதில்லையா? அதற்கு யாராவது விளக்கம் கேட்கிறார்களா?

பெரியவர்களுக்கான கதைகளையும் படித்துப் பார்த்தேன். குறை சொல்லவில்லை. ஆனால் அதில் ஒருத்தர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வெளியே பார்த்துப் பெருமூச்சு விட்டால் கதை முடிந்துவிடுகிறது. அதை நான் வண்டிக் கண்ணாடியில் தினமும் இலவசமாகப் பார்த்தவன், பஸ் முழுக்க அதுதான். இந்தப் பிள்ளைகளின் கதையில் தப்பு என்று பட்டால் எழுந்து நிற்கிறார்கள். பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். உளறுகிறார்கள், அடி வாங்குகிறார்கள், மறுபடியும் போய் நிற்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

அம்மா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் என்ன சொல்வார்கள் என்றாள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று நான் வாசலிலேயே நாற்காலி போட்டுப் படித்தேன். நேற்று முன்தினம் வெங்காயம் நறுக்கியபடியே, "அந்த சைக்கிள் பொண்ணு கடைசில என்னதான் ஆனா?" என்று கேட்டாள். நீயே படி என்றேன். எனக்கு வேறு வேலை இல்லையா என்றாள். இன்று காலை பார்த்தால் புத்தகத்தின் நடுவில் ஒரு தலைமுடி கிளிப் இருக்கிறது. கிளிப் நகராமல் மூடி வைத்தேன்.

இனி முக்கியமான செய்தி. நேற்று மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். நல்லவர்தான், எனக்காகவே பேசினார். "ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆகப் போறீங்க. ஒரு கையெழுத்து. உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றார். அந்தத் தாளை வாங்கி மறுபடி படித்தேன். இதுபோன்ற என்ற வார்த்தை அங்கேயேதான் இருந்தது. தாளை மடித்து அவர் பக்கம் தள்ளினேன். நான் தினம் நாலு பேரிடம் உள்ளே என்ன இருக்கு என்று கேட்கிறவன் சார், புத்தகத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எழுதிய தாளில் கையெழுத்துப் போட முடியாது என்றேன். அப்படியானால் ஸ்டியரிங்கை மறந்துவிடுங்கள் என்றார். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வலித்தது பாப்பா. பொய் சொல்ல மாட்டேன். அறைக்கு வந்து உட்கார்ந்தால் வெளியே பதினாறு கிளம்பும் சத்தம் கேட்டது. புது ஆள் கிளட்ச்சை மிதிக்காமலே கியரைப் போடுகிறான், அது என் பல்லில் வந்து கடிக்கிறது. இனி அந்த வண்டியை நான் ஓட்டப் போவதில்லை. ஆனாலும் திரும்பக் கூப்பிட்டு அந்தத் தாளை நீட்டினால் திரும்பவும் அதேதான் சொல்வேன்.

சாயங்காலம் கண்டக்டர் வந்தான். முதல் நாள் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் அவன்தான். கவுன்ட்டரில் முழங்கையை ஊன்றி, ஒரு பொருளைக் காணோம் என்றான். என்ன பொருள் என்றேன். "எங்க டிரைவரைக் காணோம்" என்றான். சட்டம் இருக்கிறதே, உள்ளே என்ன இருக்கு, சொல்லி வாங்கிக்கொண்டு போ என்றேன். "முழுக்கக் கிறுக்குத்தனம்" என்றான். சரியான பதில். ஆனால் கொடுக்கத்தான் முடியவில்லை. போகும்போது, நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த சூரியன் வராத ஊரின் இரண்டாம் பாகத்தைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தான். கையில் பிடி என்று அதட்டினேன். கையில் பிடித்துக்கொண்டு டெப்போ நடுவே நடந்து போனான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வரும். அந்த ரோஸ் அட்டைப் புத்தகம். கடையில் இன்னொரு பிரதி கேட்டிருக்கிறேன், அதனால் அம்மா பாதியில் நிற்க மாட்டாள். முதல் பக்கத்தில் உன் பெயர் உன் கையெழுத்தில் இருக்கிறது. ஆனால் பெயர் இருந்தால் மட்டும் போதாது, எங்கள் சட்டம் உனக்குத் தெரியும். படித்துவிட்டு உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது. அந்தப் பெண் ஊரை விட்டுக் கிளம்பும் அத்தியாயத்தில்தான் நான் அழுதேன். அதை மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நீ சொல்.

உன் ஆபீசில் யாராவது அந்த வீடியோவை மறுபடியும் காட்டினால், நீ எதுவும் பேச வேண்டியதில்லை. புத்தகத்தின் பெயர் கேட்டால் சொல். நன்றாக இருக்குமா என்று கேட்டால் அதையும் சொல். எங்கள் அறை தினமும் திறந்திருக்கிறது. எத்தனை நாள் கழித்து வந்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டோம். என்னுது என்று ஒரு வார்த்தை சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஜன்னலுக்கு அட்டை போதாது, நல்ல துணியாக வாங்கிக் கட்டு. இந்த ஊர் எனக்குச் சிரித்துச் சிரித்துக் கொடுத்த பதினாறை அப்படியே எடுத்து உன் தலையில் கை வைத்துச் சொல்கிறேன்: பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க.

இப்படிக்கு,
அந்த வீடியோவில் இருக்கிற ஆள்,
உன் அப்பா.