வீட்டுக்கார அம்மாவுக்கு அச்சில் ஏறிய நன்றி

அன்பு மகள் வாயாடிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம். நீ சுகமா என்று நான் கேட்கப் போவதில்லை, அதைப் பார்த்துக்கொள்ளத்தான் அங்கே நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்கார அம்மா இருக்கிறாரே. அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. தையல் கம்பெனியில் என்னைச் சட்டைக் கையிலிருந்து காலருக்கு மாற்றிவிட்டார்கள், கழுத்து வலி பிடுங்குகிறது.

உன் அகராதி ஆபீஸ் பத்திரிகை வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு டீச்சரை உட்காரவைத்து, 'தேங்க்வொர்த்தி' என்ற வார்த்தையைப் பற்றி நீ எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். நன்றிக்கு உரியது என்று அர்த்தமாம், பல நூறு வருஷப் பழசாம், இங்கிலீஷில் நன்றிக்கும் நினைப்புக்கும் ஒரே வேராம், ஆதியில் ஒருவருக்கு நன்றி என்றால் அவரை நல்லபடியாக நினைப்பதுதானாம். என் மகளா இதையெல்லாம் எழுதினாள் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாம் கடைசி வரி வரும்வரைதான். காய்ச்சலில் நான்கு நாள் சூப் வைத்துக் கொடுத்த வீட்டுக்கார அம்மாதான் அந்த வார்த்தைக்கு உரியவர் என்று முடித்திருக்கிறாய். வேற யாரையும் சொல்லலையா, நல்லா பாருங்க என்றேன். டீச்சர் பக்கத்தைத் திருப்பியும் பார்த்துவிட்டு, இல்லைங்களே என்றார். பெத்தவளுக்கு எதுக்குங்க நன்றி என்று சிரித்துவைத்தேன், ஆனால் வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன். நான்கு நாள் சூப்புக்கு அச்சில் இடம், உனக்கு டைபாய்டு வந்தபோது இருபத்தொரு நாள் வேலைக்குப் போகாமல் உன் கட்டிலடியில் கிடந்தவளுக்கு ஒன்றுமில்லை. மிளகு உனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதாவது அந்த அம்மாவுக்குத் தெரியுமா?

பிறகு காலர் தைத்துக்கொண்டிருக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. உனக்கு ஆறு வயதில் ஸ்கூல் பை தைத்துக் கொடுத்தேன், நீ அதை மாட்டிக்கொண்டு, நன்றிம்மா என்றாய். நான் என்ன மூணாம் மனுஷியா என்று தலையில் குட்டினேன். அன்றோடு நீ நிறுத்திவிட்டாய். நான் சொன்ன பேச்சில் நீ கேட்டது அது ஒன்றுதான்.

அந்த அம்மாவுக்குச் சமைக்கும்போது கட்டிக்கொள்ள ஒரு ஏப்ரன் தைத்து அனுப்பியிருக்கிறேன், நல்ல கெட்டித் துணி. அதன் முன்பக்கப் பையை மட்டும் வேண்டுமென்றே சின்னதாக வைத்தேன், அதை அவரிடம் சொல்லித் தொலைக்காதே. அந்த ஊர்க் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல், நூறு வயது நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் பேசி வைப்பதற்கு முன்னால் ஆறு வயதில் நிறுத்திய அந்த வார்த்தையை எனக்கும் ஒரு தடவை சொல்லு. இந்த முறை குட்ட மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அசல் அம்மா