இரு தரப்புக்கும் ஒரே முகவரி

ஜூன் 11, 2025

இன்று பரிமாற்றக் கூட்டம், இரண்டாவது. கணினி வழியாகத்தான். ஒசாகாவிலிருந்து எட்டு வக்கீல்கள், இந்தப் பக்கம் எட்டு. எல்லாரும் காப்புரிமை, டிரேட் மார்க் பார்க்கிறவர்கள். சென்னை, கோவைக்காரர்கள் நடுவே பெரம்பலூர்க்காரி நான் ஒருத்தி. 'சிற்றூர்ப் பிரதிநிதி' என்று சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் ஆகஸ்டில் இங்கே வருவார்கள், நாங்கள் நவம்பரில் அங்கே போக வேண்டும்.

என் ஜோடி மொரிதா என்கிற அம்மா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நன்றி சொல்கிறார். அவர்கள் ஊரில் ஒரே மாதிரிப் பெயர் வைத்திருக்கும் இரண்டு வியாபாரிகள் 'எங்களுக்குள் ஆட்சேபணை இல்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் முன்பெல்லாம் அரசு அலுவலகம் ஏற்காதாம். போன வருடம்தான் சட்டத்தை மாற்றினார்களாம். இப்போதும் ஒரு கேள்வி கேட்பார்களாம்: நீங்கள் இருவரும் ஒப்புக்கொண்டீர்கள், சரி, வாங்க வருகிறவன் குழம்புவானா, மாட்டானா? நம் ஊரில் இந்த ஒப்புதல் விவகாரம் எப்படி நடக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

கேமராவை அணைத்த பிறகுதான் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று நினைவு வந்தது. பசியும் இல்லை.

மாலை அழகன் போன் செய்தான். கரண்ட் பில் கட்டியாச்சா என்றான். கட்டியாச்சு என்றேன். இந்த வாரப் பேச்சு முடிந்தது.

ஜூன் 14

எழுதி வைக்கிறேன், என்றாவது படித்தால் புரியட்டும்.

பிப்ரவரியில் குழந்தை போனது. வயிற்றில் ஐந்தாம் மாதம். திருச்சி ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம். மார்ச்சில் அழகன், "நம்ம அரியலூர் ஆபீஸ்ல கேஸு குமிஞ்சு கெடக்கு, போக வர கஷ்டமா இருக்கு, கொஞ்ச நாள் அங்கயே தங்கிக்கிறேன்" என்றான். கல்யாணமாகி ஒன்பது வருடமாக அந்த வழியில்தான் போய் வந்துகொண்டிருந்தான். அப்போது இல்லாத கஷ்டம்.

நான் தலையணையும் போர்வையும் எடுத்துக் கொடுத்தேன். போ என்று சொன்னேனா? இல்லை. போகாதே என்று சொன்னேனா? அதுவும் இல்லை.

ஜூன் 23

மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

ஜூலை 2

குருநாதன் என் கட்சிக்காரர். பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் முந்திரிக் கடை. 'மாயவன் முந்திரி' என்ற பெயரையும், மீசை வைத்த அவர் அப்பா முகத்தையும் பதிவு செய்யப் போன வருடம் நான்தான் விண்ணப்பம் போட்டேன். மாயவன் என்பது இறந்துபோன அந்த அப்பாதான். டிரேட் மார்க் ஜர்னலில் வெளியானது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் நான்கு மாதத்துக்குள் எதிர்ப்பு மனு போடலாம்.

போட்டிருக்கிறார்கள். இன்று மின்னஞ்சலில் வந்தது.

எதிர்ப்பவர் கண்ணகி, உடையார்பாளையம். குருநாதனின் கூடப் பிறந்த தங்கை. அவரும் அதே பெயரில், அதே மீசையோடு அந்தப் பக்கம் முந்திரி விற்கிறார். இதில் அதிசயமில்லை, சொந்தத்துக்குள்தான் இந்த வழக்குகள் வரும். மனுவின் அடிப்பகுதியைப் பார்த்தேன். எதிர்ப்பவரின் வழக்கறிஞர்: தமிழழகன். முகவரி: பாலக்கரை, மாடி, பெரம்பலூர். அதாவது நான் உட்கார்ந்திருக்கும் இதே அறை, எங்கள் இருவருக்கும் பொதுவான அலுவலகம்.

என் புருஷன் என் கட்சிக்காரர் மேல் எதிர்ப்பு மனு போட்டு, அதற்கான பதிலை என் மேசைக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறான். சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரிப்பு வரவில்லை.

பெரிய அலுவலகங்களில் ஒரே வழக்கின் இரு பக்கமும் தவறி எடுத்துவிடாமல் இருக்க மென்பொருள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு ராத்திரிச் சாப்பாடுதான் அது. "இன்னிக்கு இன்னார் வந்தாங்க" என்று அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன். தட்டு கழுவுவதற்குள் சரிபார்த்தாகிவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. மார்ச்சிலிருந்து சேர்ந்து சாப்பிடவில்லை.

ஜூலை 3

போன் செய்தேன்.

"குருநாதன் நம்ம கட்சிக்காரரா? எனக்கு எப்படித் தெரியும்?"

"ஜர்னல்ல என் பேரு போட்டிருக்கு அழகா."

"கடைசி நாளு. அவசரம். அந்தம்மா மீசையைக் காட்டி அழுவுது. நான் மீசையைத்தான் பார்த்தேன்."

பிறகு அவனே, "ரெண்டு பேரும் விலகிடணும்" என்றான். ஆமாம். ஒரே அலுவலகம் இரு பக்கமும் நிற்கக்கூடாது. முதல் வருடப் பையனுக்குத் தெரியும். வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேனோ? தெரியவில்லை. வைத்துவிட்டான்.

ஜூலை 9

அண்ணன் தங்கை இருவரையும் வரச் சொல்லியிருந்தோம். அழகனும் வந்தான். பெஞ்சின் இந்தக் கோடியில் குருநாதன், அந்தக் கோடியில் கண்ணகி. நடந்த தவறைச் சொல்லி, வேறு வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்று அழகன் ஆரம்பித்தான்.

"தெரியுமே சார்" என்றார் குருநாதன்.

என்ன தெரியும்?

"நான் மேடத்துக்கிட்ட குடுத்திருக்கேன்னு தெரிஞ்சுதான் அது உங்கக்கிட்ட வந்துச்சு. அம்மாதான் சொல்லி அனுப்புச்சு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருமே வக்கீலு, கோர்ட்டு வரைக்கும் போவாது, ராத்திரி சோறு திங்கிறப்பவே பேசி முடிச்சிடுவாங்கன்னு."

கண்ணகி சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாங்க பேசி மூணு வருசமாவுது. எங்களால ஆவாது. நீங்கதான் பேசணும்" என்றார்.

நான் அழகனைப் பார்த்தேன். அவன் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்தான். இந்த மாவட்டத்திலேயே பேசத் தெரியாத இரண்டு பேரைத் தேடிப் பிடித்து வந்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு ஏதோ ஒன்று உள்ளே இருந்தது என்றால் இதுதான்.

கடைசியில் ஒரு வழி. வழக்கு வேண்டாம், சமரசம் மட்டும். நாங்கள் ஒரே அலுவலகம் என்பது தெரிந்தே சம்மதிக்கிறோம் என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தை இரண்டு பேருக்கும் பொதுவாக நாங்கள் எழுதுகிறோம். ஒத்துவரவில்லை என்றால் இருவருமே விலகிவிடுவோம்.

ஜூலை 30

அழகன் முதல் வரைவு அனுப்பினான். திருத்தி அனுப்பினேன். மேலே 'ரீனா' என்று என் பெயரைக்கூட எழுதவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 21

மொரிதா அம்மா வந்திருக்கிறார். மற்ற ஏழு பேரும் சென்னையில் கோர்ட்டையும் பதிவு அலுவலகத்தையும் சுற்றிப் பார்க்கிறார்கள். இவருக்கு மாயவன் வழக்குதான் பார்க்க வேண்டுமாம். அழகன் கார் ஓட்டினான். நான் பக்கத்தில். வேறு எப்படி உட்காருவது.

பாடாலூர்க் கடையில் ஒரு பொட்டலம், உடையார்பாளையத்தில் ஒரு பொட்டலம் வாங்கினார். பாடாலூரில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் இரண்டு மாயவனுக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"மீசை இருந்தா மாயவன்தாங்க. திங்கிறதுக்கு எந்த மாயவனா இருந்தா என்ன?"

மொழிபெயர்த்தேன். அவர் வெகு சிரத்தையாக எழுதிக்கொண்டார். அழகன் திரும்பிக்கொண்டு சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கம். பிடரி மட்டும் ஆடும்.

வரும் வழியில், "வழக்குகளை வீட்டில் பேசுவீர்களா?" என்று கேட்டார். "பேசுவோம். சாப்பிடும்போது" என்றான் அழகன். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன்.

விருந்தாளிக்காக இரவு வீட்டில் சமைத்தேன். அழகன் தட்டுகளை எடுத்து வைத்தான், எது எங்கே என்று அவனுக்குத் தெரியும். சாப்பிட்டு, அவரை லாட்ஜில் விட்டுவிட்டு அப்படியே அரியலூர் போய்விட்டான். மூன்று பேர் சாப்பிட்டதை ஒருத்தியாகக் கழுவினேன். ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டும்.

செப்டம்பர் 5

அரியலூர் ஆபீஸில் இரண்டாம் அமர்வு. ஊர்களைப் பிரித்தாயிற்று. பெரம்பலூர், பாடாலூர், நெடுஞ்சாலைக் கடைகள் அண்ணனுக்கு. உடையார்பாளையம், ஜெயங்கொண்டம், கும்பகோணம் தங்கைக்கு. அண்ணன் பை பச்சை, தங்கை பை மஞ்சள். அப்பா முகத்தில்தான் பேச்சு நின்றது. இருவருமே விடவில்லை. கடைசியில் கண்ணகி தலைப்பாகை கட்டிய போட்டோ ஒன்றை எடுத்து வைத்தார்.

"தலப்பாவோட இருக்கிறது எங்கப்பா. வெறுந்தலையோட இருக்கிறது அவரு அப்பா. எழுதிக்குங்க."

குருநாதன் வாயைத் திறந்து மூடினார். 'அவரு' என்று மரியாதையாகத் தங்கை சொல்லி மூன்று வருடமாகியிருக்கும். எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 19

கையெழுத்தாயிற்று. தங்கை எதிர்ப்பு மனுவை வாபஸ் வாங்குகிறார், அண்ணன் தன் விண்ணப்பத்தைத் தன் பங்கு ஊர்களுக்கு மட்டும் என்று திருத்திக்கொள்கிறார். அண்ணன் பேனாவைத் தங்கையிடம் நீட்டினார். தங்கை வாங்கினார். போகும்போது, "மத்தியானம் வூட்டுக்கு வந்துட்டுப் போங்க, அம்மா சொல்லுச்சு" என்று கண்ணகி சொன்னது எங்களிடம் இல்லை, அண்ணனிடம்.

அவர்கள் போனார்கள். கணினியில் அந்த ஒப்பந்தம் திறந்தே இருந்தது.

"நம்ம போர்ட என்ன பண்ணலாம், ரீனா?" என்றான்.

வாசலில் எங்கள் இருவர் பெயரும் உள்ள போர்டை மட்டும் அவன் கேட்கவில்லை என்று உடனே தெரிந்தது. தெரியாததுபோல் இருந்திருக்கலாம். "எழுதிடுவோம்" என்றேன்.

அதே கோப்பை வேறு பெயரில் சேமித்தான். குருநாதன் இருந்த இடத்தில் தமிழழகன், கண்ணகி இருந்த இடத்தில் ரீனா. அரியலூர் அவனுக்கு, பெரம்பலூர் எனக்கு. பழைய கட்சிக்காரர்கள் விருப்பப்பட்ட பக்கம் போகலாம். வீடு, கார், புத்தகங்கள். இரண்டு மாவட்டமும் ஒன்றாக இருந்து, பிரிந்து, மறுபடி சேர்ந்து, மறுபடி பிரிந்ததே, அதற்குக்கூட ஊர்வலம், உண்ணாவிரதம் எல்லாம் நடந்தது. எங்களுக்கு ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. அவன் ஒரு வரி சொன்னால் அடுத்த வரி நான் சொன்னேன். நாங்கள் எப்போதுமே நன்றாக வரைவு எழுதுவோம்.

ஒரு உட்பிரிவிலாவது சண்டை வந்திருக்கலாம். அந்த அண்ணனும் தங்கையும் ஒரு மீசைக்காக மூன்று வருடம் சண்டை போட்டார்கள். நாங்க எதுக்குமே போடலையே — ஏன் போடல?

இருவர் சம்மதத்தோடு விவாகரத்து மனுவை மார்ச்சில்தான் போட முடியும். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதைக் கடப்பதுதான் கஷ்டம் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு அது எங்களை அறியாமலே பாதி ஓடிவிட்டது.

அக்டோபர் 4

வரதராஜன்பேட்டை போய் அம்மாவிடம் சொன்னேன். "யாரு தப்பு பாப்பா?" என்றார். யாரும் இல்லை என்றேன். "தப்பே இல்லாம எப்படிடி?" என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை அடித்தானா, குடிக்கிறானா, வேறு யாராவதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை. கடைசியில் அம்மாவுக்கே அலுத்துப்போய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 22

புதுப் போர்டு மாட்டினார்கள். ஆணி அடித்ததில் சுண்ணாம்பு உதிர்ந்தது. கூட்டிவிட்டேன்.

நவம்பர் 13, ஒசாகா

இன்று என் முறை. அறுபது, எழுபது பேர் இருந்த அரங்கம். மாயவன் வழக்கைச் சொன்னேன். இரண்டு பைகளையும் திரையில் காட்டினேன். லாரி டிரைவர் சொன்னதற்குச் சிரித்தார்கள், மொழிபெயர்ப்பு முடிகிற வரை பொறுத்திருந்து ஒன்றாக.

கேள்வி நேரத்தில் முன்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். இரு தரப்புக்கும் ஒரே முகவரி என்கிறீர்கள். இரண்டு வழக்கறிஞர்களும் கணவன் மனைவி என்பதால்தான் இந்த ஒப்பந்தம் சாத்தியமாயிற்றா?

பதில் ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. கட்சிக்காரர்கள் தெரிந்தே எழுதிக் கொடுத்த சம்மதம், அதன் சட்ட வரம்பு. அதைத்தான் சொல்ல ஆரம்பித்தேன். வாயில் வந்தது வேறு.

"நாங்கள் அப்போதே பிரிந்திருந்தோம். அந்த ஒப்பந்தத்தை வைத்துத்தான் எங்கள் பிரிவையும் எழுதிக்கொண்டோம். எங்கள் குழந்தை இறந்துவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை."

மொழிபெயர்க்கும் பெண் சின்னவள். என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்: "இதையும் சொல்லவா?"

சொல்லுங்கள் என்றேன்.

அவள் சொன்னாள். எனக்குப் புரியாத மொழியில் அது நிதானமாக அரங்கம் முழுவதும் போனது. பெரியவர் நின்றபடியே தலை தாழ்த்தினார். மொரிதா அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அடுத்த கேள்வி இருக்கிறதா என்று நானே கேட்டேன். ஒருவர் பதிவுக் கட்டணம் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

வெளியே வந்து அழகனுக்குப் போன் செய்தேன். அங்கே மதியம், கோர்ட் இடைவேளை.

"பேச்சு நல்லா போச்சா?"

"குழந்தையைப் பத்திச் சொல்லிட்டேன், அழகா. எல்லார் முன்னாடியும்."

ஒரு சத்தம் கேட்டது. கோர்ட் வளாகத்தில் நின்றுகொண்டு, கறுப்புக் கோட்டோடு, அவன் அழுதான்.

"எனக்கு யார்கிட்டயும் சொல்ல வரல ரீனா. உன்கிட்டகூட வரல. உன்னப் பார்த்தா இன்னும் வரல. அதான் போயிட்டேன்."

எனக்கும் அப்போதுதான் வந்தது. சுவரில் சாய்ந்துகொண்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க, நன்றாக அழுதேன். பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் அழுதிருக்க வேண்டியதை இவ்வளவு தள்ளி நின்று அழுது தீர்த்தோம்.

பிறகு அவன் மூக்கை உறிஞ்சினான். கோர்ட்டில் கூப்பிடுகிறார்கள் என்றான்.

"நம்ம மனு வரைவ திங்கக்கிழமை அனுப்புறேன்."

"அனுப்பு, பார்த்துத் தரேன்" என்றேன்.